பர்ன்ஸ் விருந்துக்குப் புடவை மேல் பழைய சால்வை: எதைப் பார்த்து வாங்குவது?

வடகரை | கிளாஸ்கோ

வணக்கம். ஜனவரி கடைசியில் கணவரின் அலுவலகத்தில் பர்ன்ஸ் விருந்து. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஜனவரி 25-ஐ ஒட்டி ஸ்காட்லாந்து முழுக்க நடக்குமே, அதுதான். அழைப்பிதழில் 'பிளாக் டை அல்லது ஹைலேண்ட் உடை' (முறையான மாலை விருந்து உடை அல்லது ஸ்காட்லாந்து மரபு உடை) என்று போட்டிருக்கிறார்கள். அவர் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடை, வாடகைக்கு எடுக்கிறார். நான் காஞ்சிப் பட்டு கட்டப்போகிறேன், அதில் மாற்றமில்லை. அரக்கு உடல், இரண்டு பக்கமும் அகலமான ஜரிகைக் கரை.

மேலே என்ன போர்த்துவது என்பதில்தான் சிக்கல். வீட்டில் இருக்கும் தடித்த ஜாக்கெட்டோடு அந்த மண்டபத்துக்குள் நுழைய மனம் வரவில்லை. பழைய உடைகள் விற்கும் கடை ஒன்றில் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது பெரிய பெய்ஸ்லி சால்வை. நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பும் பழுப்புமாக மாங்காய் வேலை. 1840 என்று சீட்டில் எழுதியிருக்கிறது. இரண்டாவது கறுப்பு வெல்வெட் மேலங்கி, உள்ளே தந்த நிறத்தில் பட்டு லைனிங், 1920-களைச் சேர்ந்ததாம். மூன்றாவது ஒரு ஃபர் ஸ்டோல்.

கையில் 200 பவுண்டு வரை இருக்கிறது. பழைய துணி வாங்கி எனக்குப் பழக்கமில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? சால்வையின் படங்களை இணைத்திருக்கிறேன்.


நூல்முனை | எடின்பரோ

பழந்துணிப் பராமரிப்பு என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படங்கள் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் வேண்டும். பழைய சால்வையை முன்பக்கம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கே நெய்தது, எப்படி நெய்தது, எங்கே கிழிந்து யார் தைத்தார்கள் என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும்.

இந்த மாங்காய்ச் சால்வைகளுக்கு மூலமான காஷ்மீர் கானி சால்வையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்ன மரக்குச்சி. அந்த நிறம் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஊடையை (குறுக்கு இழையை) ஓட்டி, பக்கத்து நிறத்தோடு பின்னித் திரும்புவார்கள். அதனால் பின்னால் நிற எல்லைகளில் மெல்லிய மேடு தட்டும். நீளமான இழை எதுவும் தொங்காது. ஒரு பெரிய சால்வை தறியில் முடிய ஒன்றரை வருடத்துக்கு மேலும் ஆகும் என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பல துண்டுகளாகப் பல தறிகளில் நெய்து, கண்ணுக்குத் தெரியாத தையலில் இணைத்தார்கள். அந்த இணைப்புகளைப் பின்பக்கத்தில் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம்.

பெய்ஸ்லியில் நெய்தது வேறு மாதிரி. கிளாஸ்கோவுக்கு அடுத்த ஊர்தானே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1805 வாக்கில் அங்கே காஷ்மீர் சால்வையைப் பார்த்து நெய்ய ஆரம்பித்தார்கள். பிறகு துளையிட்ட அட்டைகளைக் கொண்டு வேலைப்பாட்டை நெய்யும் ஜக்கார்ட் தறி வந்தது. அந்தத் தறியில் எல்லா நிற ஊடையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடும். முன்னால் தேவைப்படாத இடத்தில் அந்த நிறம் பின்னால் மிதக்கும். அப்படியே விட்டால் சால்வை கனத்துவிடும் என்று மிதக்கும் இழைகளைக் கத்தரித்துவிடுவார்கள். ஆகவே பின்பக்கம் முழுக்க வெட்டிய நூல் முனைகள் பூனை முடிபோல இருக்கும்.

அப்புறம் அந்த 1840. உங்கள் படத்தில் ஓரத்துப் பூவில் பளிச்சென்று ஒரு ஊதா தெரிகிறதே, அது உண்மையிலேயே அப்படித்தானா, கேமரா செய்த வேலையா? முதல் செயற்கைச் சாயமான மாவ், ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் கண்டுபிடித்தது 1856-இல். அந்த வகை ஊதா நூல் தறியிலேயே கலந்திருந்தால் சால்வை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. 1860-களின் சால்வை என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 1840-இன் விலையை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது நடுவில் உள்ள கறுப்பு. அந்தக் காலத்தில் கறுப்புக்கும் அடர் பழுப்புக்கும் இரும்பு உப்பைச் சேர்த்துச் சாயம் போட்டார்கள். அந்த இரும்பு வருடக்கணக்கில் நூலை அரித்துக்கொண்டே இருக்கும். சிவப்பும் நீலமும் புத்தம் புதிதாக நிற்க, கறுப்பு மட்டும் பொடிந்து உதிரும். கடைக்குப் போனால் சால்வையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே இருவராகப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகளாக வெளிச்சம் வந்தால் அது பூச்சி. கோடு கோடாக வந்தால் மடிப்பில் இற்றுப்போயிருக்கிறது. கறுப்புப் பகுதியை மட்டும் இரண்டு விரலுக்கிடையில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். விரலில் தூள் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.


செம்பருத்தி | லண்டன்

எனக்கென்றால் வெல்வெட் மேலங்கிதான் பிடிக்கும். பட்டுச் சீலைக்கு மேலே கறுப்பு வெல்வெட் அவ்வளவு வடிவாக இருக்கும். சீலையின் நிறம் எதுவாக இருந்தாலும் சண்டைக்கு வராது. பெய்ஸ்லி சால்வை முழுக்க வேலைப்பாடு, உங்கள் சீலையும் முழுக்க ஜரிகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கண்ணுக்கு ஓய்வே கிடையாது.

ஒன்று மட்டும் பாருங்கள். வெல்வெட்டை உள்ளங்கையால் ஒருமுறை வருடிவிட்டால் மயிர் எழும்ப வேண்டும். கழுத்தடியிலும் தோள்பட்டையிலும் வழுக்கையாகி, அடித்துணி தெரிந்தால் அது திரும்ப வராது. தொங்கவிட்டு வைத்திருந்தார்களா, மடித்து வைத்திருந்தார்களா என்றும் கேளுங்கள். வெல்வெட்டில் பல வருட மடிப்பு விழுந்தால் ஆவி பிடித்தாலும் அந்தக் கோடு போகாது.


நூல்முனை | எடின்பரோ

செம்பருத்தி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேலங்கியில் முதலில் போவது லைனிங். அதைத் திறந்து, கைத்துளையைச் சுற்றியும் ஓரத்தையும் பாருங்கள். நேர்கோடாகக் கிழிந்து, கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் அது எடை ஏற்றிய பட்டு.


பட்டுக்கூடு | காஞ்சிபுரம்

எடை ஏற்றிய பட்டு பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் தறி இருந்தது. கச்சாப் பட்டில் பசை இருக்கும். சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்புப் போட்டு வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். ஆனால் எடையில் கால் பங்கு வரை போய்விடும். பட்டு எடைக்கணக்கில் விற்கும் பொருள். போன எடையை ஈடுகட்ட 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சாயப்பட்டறைகளில் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். இழந்ததைவிட அதிகமாகவே ஏற்றினார்கள். அந்தப் பட்டு கனமாக, சரசரவென்று, ராஜகளையோடு இருக்கும். ஆனால் உப்பும் வெளிச்சமும் சேர்ந்து இழையை அறுத்துவிடும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் அறும். தைத்துச் சரிசெய்ய வழியில்லை, ஊசி குத்திய இடத்திலேயே அடுத்த கிழிசல் ஆரம்பிக்கும். லைனிங்கை மொத்தமாக மாற்றலாம், அதற்கு மேலங்கி விலையைவிட அதிகம் ஆகலாம்.

வடகரை அக்காவுக்கு இன்னொன்று. நூல்முனை சொன்ன கானிப் பின்னலைப் படித்தபோது எங்கள் கோர்வைதான் நினைவுக்கு வந்தது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வர, மூன்று நாடா (ஊடை நூலை ஓட்டும் கருவி) வைத்து, இரண்டு ஊடையையும் எல்லையில் கோத்துத் திருப்புவோம். உங்கள் புடவை கோர்வை என்றால் அந்தச் சேரும் இடத்தில் சின்னப் பல்வரிசை தெரியும். கோர்வை உறுதியானது, கவலையில்லை. ஆனால் ஜரிகை கவலைக்குரியது. புதுப் புடவையின் ஜரிகை ஓரம் சொரசொரப்பாக இருக்கும். பழைய கம்பளி இழை அதில் மாட்டினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். தோளில் மடிப்பு வைத்து ஊக்குக் குத்துகிற இடத்தில்தான் சால்வையும் உட்காரும். அங்கே ஊக்கின் தலை வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் குத்துங்கள். ஜிமிக்கி, வங்கி, கல் வைத்த வளையல் எல்லாம் இதே கதைதான்.


ஆவணம் | சென்னை

மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன். 160 வருடத்துப் பொருளை ஒரு ராத்திரி விருந்துக்குப் போர்த்திக்கொண்டு போவது சரியா? வியர்வை, வாசனைத் தெளிப்பு, சிந்துகிற ஒயின், ஊக்கு. ஒரு தலைமுறை நெசவாளர்களின் கண்ணும் முதுகும் அதில் போயிருக்கிறது. நம் ஊரில் பழைய பட்டை வெள்ளிக்காக எரித்து உருக்கியதைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். வாங்குங்கள், சட்டம் போட்டுச் சுவரில் வையுங்கள், அல்லது அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். போர்த்திக்கொள்ள 1950-களுக்குப் பிந்தைய ஒரு கம்பளி ஸ்டோல் போதாதா?


நூல்முனை | எடின்பரோ

ஆவணம் ஐயா, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டுக் கானி சால்வையை யாராவது விருந்துக்குப் போர்த்தப் போகிறேன் என்றால் நானே கையைப் பிடித்துத் தடுப்பேன். பெய்ஸ்லி ஜக்கார்ட் சால்வை அப்படியல்ல. ஆயிரக்கணக்கில் நெய்தார்கள். பெய்ஸ்லி அருங்காட்சியகத்திடமே பெரிய சேகரிப்பு இருக்கிறது, இன்னொரு சாதாரண 1860-களின் சால்வையைக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. சுவரில் மாட்டுவது அதைவிட மோசம். ஒரு மாலை போர்த்தினால் சால்வைக்கு ஆகும் சேதத்தைவிட, வெயில் படும் சுவரில் ஆண்டுக்கணக்கில் தன் எடையிலேயே தொங்கினால் ஆகும் சேதம் பல மடங்கு.

இந்தச் சால்வைகள் என்ன ஆயின என்பதையும் யோசியுங்கள். 1870 வாக்கில் பாவாடையைப் பின்பக்கம் தூக்கிக் கட்டும் பாணி வந்தது. முதுகில் பரத்திப் போடும் சால்வை அதன் மேல் உட்காரவில்லை. விலை மலிந்த நகல்கள் வேறு எல்லார் தோளிலும் ஏறியிருந்தன. வசதியானவர்கள் விட்டுவிட்டார்கள். பியானோவுக்கு உறையாகவும், சோபா விரிப்பாகவும், வெட்டி மேலங்கியாகவும் ஆனவை ஏராளம். காஷ்மீரில் நிலைமை இன்னும் கொடுமை. பிரான்ஸ்தான் பெரிய சந்தை, 1870-71 போரோடு அது விழுந்தது. தொடர்ந்து 1877-இலிருந்து பெரும்பஞ்சம். சால்வை நெசவாளர்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தார்கள். அந்தக் கைவேலையை மதிக்கிறவர் கையில், தோளில், கவனமாக ஒரு மாலை இருப்பதை நான் அவமரியாதையாக நினைக்கவில்லை. உறுதியான துணியாக இருக்க வேண்டும், அதுதான் என் ஒரே நிபந்தனை.


ஆவணம் | சென்னை

உறுதியான துணி என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் என் கேள்வி. வாங்குகிறவருக்கு ஆசை இருக்கும், விற்கிறவருக்கு அவசரம் இருக்கும். வடகரை நல்ல கவனத்தோடு கேட்கிறார், அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.


மழைக்காகம் | அபர்டீன்

எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள், வானத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜனவரியில் கிளாஸ்கோ. மழை பக்கவாட்டில் அடிக்கும், குடை நிற்காது. பழைய சால்வை நனைந்தால் சிவப்பு ஓடிப் பக்கத்து வெள்ளையில் இறங்கும், சில சமயம் புடவையிலும் இறங்கும். வெல்வெட் நனைந்தால் மயிர் படிந்துவிடும்.

ஆகவே வெளியே போட ஒரு நீளமான சாதாரண கோட் வேண்டும். கறுப்பு, கணுக்கால் வரை. அதை வாசலில் கழற்றிக் கொடுத்துவிடுவீர்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. சால்வை பருத்தித் துணிப் பையில் மடித்து உங்கள் கையோடு வரும், உள்ளே போய்ப் போர்த்துவீர்கள். இப்படி யோசித்தால் கேள்வியே மாறிவிடுகிறது. சால்வை குளிரைத் தாங்க வேண்டியதில்லை. பழைய கட்டடங்களின் மண்டபத்தில் காற்று உள்ளே வரும், அந்த அளவுக்கு இருந்தால் போதும். அப்போது மேலங்கி தேவையே இல்லை, ஏனென்றால் உள்ளே மேலங்கியோடு உட்கார முடியாது.

விருந்தின் ஒழுங்கையும் நினைவில் வையுங்கள். ஹேகிஸ் என்ற இறைச்சிப் பண்டத்தைக் குழலிசையோடு கொண்டுவரும்போது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கடைசியில் வட்டமாக நின்று கைகளைக் குறுக்கே கோத்துப் பாடுவார்கள். அப்போது தோளில் வெறுமனே போட்ட சால்வை நிச்சயம் நழுவும். நடுவில் 'கேலி' (ceilidh) என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம் இருந்தால் சால்வை நாற்காலியிலும் கூடாது, யாராவது மேலே உட்காருவார்கள். பைக்குள் போக வேண்டும்.


செம்பருத்தி | லண்டன்

மழைக்காகம் சொல்வது நியாயம்தான். நான் வீட்டுவாசலில் இருந்து மண்டப வாசல் வரைக்கும் யோசித்தேனே ஒழிய உள்ளே இருக்கிற நாலு மணித்தியாலத்தை யோசிக்கவில்லை. மேலங்கிக்கு நான் தந்த வாக்கைத் திரும்ப எடுக்கிறேன்.


வடகரை | கிளாஸ்கோ

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டே கடைக்குப் போய் வந்தேன்.

மேலங்கியின் லைனிங்கைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. கைத்துளைக்குக் கீழே நேர்நேராகக் கிழிசல், பட்டுக்கூடு சொன்னதேதான். கடைக்காரம்மா மறைக்கவில்லை, 'லைனிங் மாற்ற வேண்டும்' என்று அவரே சொன்னார்.

பெய்ஸ்லியைப் பெரிய மேசையில் விரித்தோம். நீளம் 3 மீட்டரைத் தாண்டியது. பின்பக்கம் முழுக்க வெட்டிய நூல் முனைகள், ஆகவே ஜக்கார்ட். ஊதாவும் உண்மைதான். ஜன்னலில் பிடித்தபோது கறுப்புப் பகுதியில் மடிப்பு விழுந்த இடத்தில் வெளிச்சம் கோடாக வந்தது. விரலிடுக்கில் வளைத்தேன். ரொம்ப லேசாகத்தான், ஆனால் கறுப்பாகப் பொடி ஒட்டியது. மனசே இல்லாமல் மடித்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் அவர் பின்னறையிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். சதுரம், ஏறக்குறைய 1.8 மீட்டர். நடுவில் வெறும் செங்கல் சிவப்பு, வேலையே இல்லை. நான்கு ஓரத்திலும் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மாங்காய்க் கரை. கண்ணைப் பறிக்கிற பொருளல்ல. ஆனால் கையில் எடுத்தால் நூல் உயிரோடு இருக்கிறது. வளைத்தால் வளைகிறது, விட்டால் திரும்புகிறது. வெளிச்சத்தில் குஞ்சத்துக்குப் பக்கத்தில் நாலைந்து ஊசித் துளைகள் மட்டும். ஒரு மூலையில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு கூடு ஒட்டியிருந்தது. ரசகற்பூர உருண்டை வாசம் மூக்கைத் துளைக்கிறது. விலை 140 பவுண்டு என்கிறார்.

எடுக்கலாமா? அந்தக் கூடு என்ன? இந்தச் செங்கல் சிவப்பு என் அரக்குப் புடவையோடு சேருமா?


நூல்முனை | எடின்பரோ

எடுக்கலாம் என்றே சொல்வேன். நடுவில் வெறுமையாக இருப்பது உங்களுக்கு நல்லதுதான். வேலைப்பாடு இல்லாத இடத்தில் வெட்டிய முனைகள் இல்லை, ஜரிகையில் மாட்ட எதுவும் இல்லை. அந்தச் சிவப்பு மஞ்சிட்டி வகைச் சாயமாக இருக்கலாம். படிகாரம் சேர்த்து ஏற்றும் சாயம், இரும்பு போல நூலை அரிக்காது. ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் மணமான பெண் முதல் முறை தேவாலயத்துக்குப் போர்த்திக்கொண்டு போகவென்றே சால்வை வைத்திருந்தார்கள். நடு வெறுமையான பல சால்வைகள் அப்படிப் பத்திரப்படுத்தியவை. அதிகம் புழங்காததால் நூல் நன்றாக நிற்கும்.

அந்தக் கூடு துணி அந்துடையது. அந்துப்பூச்சி சால்வையைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. கம்பளி, பட்டு, ஃபர், இறகு என்று விலங்கிலிருந்து வந்த இழை எல்லாம் அதற்கு உணவு. கூடு காலியாக இருக்கலாம், ஆனால் காலி என்று நம்பி உங்கள் பட்டுப் புடவை பீரோவுக்குள் கொண்டுபோகாதீர்கள். கடையிலிருந்து வரும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கக் கட்டிவிடுங்கள். வீட்டில் சாயமில்லாத வெள்ளைத் தாளில் தளர்வாகச் சுற்றி, பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி, மறுபடி மூடி, -18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே அறையில் இருக்கட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் துணியில் படியும். ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிட வேண்டும். பிறகு மெல்லிய வலைத்துணியைச் சால்வை மேல் விரித்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து இரண்டு பக்கமும் உறிஞ்சுங்கள். முட்டையும் தூசும் அதில் போகும்.

ரசகற்பூர வாசம் போக நிழலில், காற்றோட்டத்தில் படுக்கையாக விரித்து வையுங்கள். வெயில் வேண்டாம். வாசனைத் தெளிப்பு அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். தண்ணீரில் போடும் எண்ணமும் வேண்டாம், டிரை கிளீனிங்கும் வேண்டாம். கறை இருந்தால் ஓரத்தில் ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். சிவப்பு பஞ்சில் இறங்கினால் தொடவே கூடாது.


பட்டுக்கூடு | காஞ்சிபுரம்

நிறத்தைப் பற்றி நான் ஒளிக்காமல் சொல்கிறேன். செங்கல் சிவப்பும் அரக்கும் சேராது. இரண்டும் சிவப்புதான், ஒன்றில் மஞ்சள் ஓடுகிறது, ஒன்றில் நீலம் ஓடுகிறது. பக்கத்தில் வைத்தால் இரண்டுமே அழுக்காகத் தெரியும். சால்வையை மாற்றாதீர்கள், புடவையை மாற்றுங்கள். பீரோவில் கரும்பச்சையோ, மயில்கழுத்தோ, சந்தனமோ இருக்கிறதா? உடலில் புட்டா இல்லாமல், கரை இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தால் சால்வையின் மாங்காய்க் கரைக்கு இடம் கிடைக்கும். இதையெல்லாம் மண்டப வெளிச்சத்தில் முடிவு செய்ய வேண்டும். வீட்டிலேயே சாயங்காலம் மஞ்சள் விளக்கைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். பகலில் சரியாகத் தெரிந்த ஜோடி ராத்திரியில் மாறிவிடும்.


தாழம்பூ | சென்னை

இடையில் ஒரு கேள்வி. என் பாட்டிக்கு அவர் மாமியார் கொடுத்த காஷ்மீர் சால்வை எங்கள் வீட்டில் இருக்கிறது. மோதிரத்துக்குள் நுழைந்து வந்துவிடும் என்று சொல்வார்கள். தங்கை மான்செஸ்டரில் இருக்கிறாள், அவளுக்கும் மார்ச்சில் ஒரு பட்டமளிப்பு விருந்து. வரும்போது எடுத்துப் போகச் சொல்லலாமா?


நூல்முனை | எடின்பரோ

தாழம்பூ, அவசரப்பட வேண்டாம். இதில் இரண்டு சட்டம் இருக்கிறது.

100 வருடத்துக்கு மேற்பட்டது என்றால் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். அப்படிப்பட்ட பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குடும்பச் சொத்து என்பது காரணமாகாது. 100 வருடத்துக்குக் குறைந்ததுதான் என்றாலும் பார்வைக்குப் பழையதாக இருந்தால், தொல்லியல் துறையிடம் காட்டி 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

அடுத்தது மோதிரம். மெல்லிய பஷ்மினாவும் மோதிரத்துக்குள் போகும், ஷாதூஷும் போகும். ஆகவே மோதிரத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பஷ்மினா லடாக்கின் சாங்தாங் பக்கத்து ஆட்டைச் சீவி எடுப்பது, ஆடு உயிரோடு இருக்கும். ஷாதூஷ் சிரூ என்ற திபெத்திய மானுடையது. அதைக் கொன்றால்தான் முடி கிடைக்கும். ஒரு சால்வைக்கே பல மான்கள். 1970-களிலிருந்தே அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை, இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின்படி அந்த மான் உச்ச பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஷாதூஷ் என்று தெரிந்தால் எந்த விமான நிலையத்தின் வழியாகவும் கொண்டுபோகாதீர்கள். நுண்ணோக்கியில் இழையைப் பார்த்தால் இரண்டும் வேறு என்று தெரியும், அதற்கு ஆய்வகம் வேண்டும்.

தங்கைக்கு வேறு வாங்கிக் கொடுங்கள். பாட்டி சால்வை சென்னையிலேயே இருக்கட்டும்.


தாழம்பூ | சென்னை

நல்லவேளை கேட்டேன். அம்மா பெட்டியில் வசம்பு போட்டுத்தான் வைத்திருக்கிறார். அது போதுமா?


பட்டுக்கூடு | காஞ்சிபுரம்

வசம்பு நல்லது, எங்கள் வீட்டிலும் அதுதான். துணியில் நேரே படாமல் முடிச்சில் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறை விழும். ஆனால் வசம்பைவிட முக்கியம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைப்பது. ஆள் தொடாத பெட்டியில்தான் அந்து குடியேறும்.


மழைக்காகம் | அபர்டீன்

ஃபர் ஸ்டோலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பட்டுப் புடவை மேல் அது பொருந்தாது, ஜரிகையில் மயிர் ஒட்டும். அலுவலக விருந்தில் முகம் சுளிக்கிறவர்களும் இருப்பார்கள். என்ன விலங்கு என்று தெரியாமல் வாங்கினால் நாளைக்கு எல்லை தாண்டும்போது வேறு தொல்லை.


வடகரை | கிளாஸ்கோ

சிவப்புச் சதுரத்தை எடுத்துவிட்டேன். இப்போது ஃப்ரீசரில் பட்டாணிக்கும் மீனுக்கும் பக்கத்தில் தூங்குகிறது. விருந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, 2 வாரம் தாராளமாகக் கிடைக்கும்.

மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய கரை போட்ட புடவை ஒன்று இருந்தது. திருமணமான புதிதில் மாமியார் எடுத்துக் கொடுத்தது. மஞ்சள் விளக்கில் சால்வையின் படத்தை வைத்துப் பார்த்தேன், பட்டுக்கூடு சொன்னது சரி. அரக்குப் புடவை பொங்கலுக்குப் போகட்டும்.

கடைசிக் கேள்வி. சதுரத்தை எப்படிப் போர்த்துவது? முந்தானை இடது தோளில் இருக்கிறது. ப்ரூச் குத்தலாமா?


நூல்முனை | எடின்பரோ

ப்ரூச் கூடாது. ஊசி ஓட்டை ஒன்று போதும், கை கோத்துப் பாடும்போது இழுத்தால் அதிலிருந்து கிழியும்.

குறுக்காக முக்கோணமாக மடிக்காதீர்கள். அப்போது எடை முழுவதும் நெசவின் சாய்வில் விழும், பழைய துணி அதைத் தாங்காது. நேராக மூன்றாக மடியுங்கள், அகலம் 60 சென்டிமீட்டர் வரும். கரை மேல்மடிப்பில் இருக்கட்டும். வலது தோளை மூடி, முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, இடது முழங்கையில் விழுமாறு விடுங்கள். முந்தானை தனியாக இடது தோளில் தெரியும், சால்வை அதன் மேல் ஏறாது. உட்காரும்போது இரண்டு முனையையும் மடியில் எடுத்துக்கொள்ளுங்கள், நாற்காலிக் காலில் குஞ்சம் மாட்டாது.


செம்பருத்தி | லண்டன்

வாசனைத் தெளிப்பை உடுத்துவதற்கு முதலே அடித்து, காய்ந்த பிறகு சால்வையைத் தொடுங்கோ. கைக்கிறீமும் அப்படித்தான். வளையலைக் கண்ணாடியோ வழுவழுப்பான தங்கமோ போட்டால் நல்லம்.


ஆவணம் | சென்னை

சாப்பிடும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். ஹேகிஸோடு விஸ்கிச் சாறு ஊற்றுவார்கள் என்று படித்திருக்கிறேன். என் கருத்து மாறவில்லை, ஆனால் கறுப்புச் சால்வையைத் திருப்பிக் கொடுத்த செய்தியைப் படித்ததும் மனம் ஆறியது. அதையும் யாராவது மேசையில் படுக்கையாக வைத்துப் பாதுகாக்கட்டும் என்று அந்தக் கடைக்காரம்மாவிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.


வடகரை | கிளாஸ்கோ

சொல்கிறேன் ஐயா. மேலங்கிக்கு லைனிங் மாற்றுகிறவரின் எண் அவரிடம் வாங்க வேண்டியிருக்கிறது, செம்பருத்தி தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை போவேன், இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.